எங்க போடணும்?

ஆபீசில் ஒருவர் இறந்துபோனால் வழக்கமாக என்னென்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கருப்பு பேட்ஜ், மாலை, ஒரு நிமிட மௌனம், தலைக்கு இவ்வளவு என்று வசூல், குடும்ப நல நிதிக்கு ஒரு படிவம். அண்ணன் இறந்தபோது இதெல்லாம் நடந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. செய்தி பரவிய இரண்டு மூன்று நாளுக்குள் எங்கள் பிரிவு அலுவலகத்திலும் பக்கத்துப் பிரிவுகளிலும் ஏழெட்டுப் பேர் முகம் வெளுத்துத் திரிந்தார்கள். துக்கம் மட்டும் காரணமில்லை. அந்த ஏழெட்டுப் பேருக்கும் ஏதாவது ஒரு கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தவர் அவர்தான்.

பேர் போட்டு எழுத வேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டார். அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன். எங்கள் ஆபீசில் அவரை விட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள், எனவே எனக்கு இதில் சிரமம் இல்லை.

கடலூர் முதுநகர்ப் பக்கம் எங்களுக்கு வேலை. மின்வாரியத்தில் அவர் கம்பியாளர், அதாவது வயர்மேன். நான் கணக்கீட்டாளர், வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுகிறவள். துறைமுகம், உப்பனாறு, அந்தப் பக்கம் சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று எல்லாம் உப்புக்காற்று அடிக்கிற ஊர்கள். கம்பத்தில் இருக்கும் பீங்கான் இன்சுலேட்டர்களில் உப்புப் படிந்து கிடக்கும். நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும், பிரச்சினை இல்லை. பனியோ லேசான தூறலோ விழுந்தால்தான் வினை. ஈரமான உப்பின் மேல் கரண்டு பாய்ந்து பொறி பறக்கும், ஊருக்குக் கரண்டு கொண்டுவருகிற ஃபீடர் லைன் ட்ரிப் ஆகும். மார்கழி விடியற்காலையில் ஊர் இருண்டால் யாரும் போன் செய்வதற்கு முன்பே அண்ணன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டிருப்பார் என்று அண்ணி சொல்வார். ஃபேன் நிற்கிற சத்தத்துக்கு முழிக்கிற மனுஷன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சித்திரை வெயில். கையில் ஒரு நோட்டு, தோளில் ஒரு பை, தலையில் துப்பட்டா. எந்த வீட்டில் மீட்டர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சந்து சந்தாக அலைந்துகொண்டிருந்தேன். பாதி வீடு டோர் லாக். ஒரு நாள் மத்தியானம் அண்ணன் என் நோட்டைக் கேட்டு வாங்கினார். ஏணியில் சாய்ந்து நின்றபடி சர்வீஸ் நம்பர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்தார். அவர் ஏறாத கம்பம் அந்த ஏரியாவில் கிடையாது. மேலே இருந்து பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வீட்டின் கொல்லைப்புறமும் அவருக்குப் பாடம்.

எழுதிக் கொடுத்ததில் ஞாபகமிருப்பதைச் சொல்கிறேன். நாய் உண்டு, கட்டச் சொல்லிவிட்டு உள்ளே போ. மீட்டர் சிலிண்டருக்குப் பின்னாடி. பெரியவர் கத்துவார், பதில் பேச வேண்டாம், நல்ல மனுஷன். இந்த வரிசை மொத்தமும் மத்தியானத்துக்கு மேல் போ, காலையில் மீன் ஏலத்துக்குப் போயிருப்பாங்க, ஆள் இருக்காது. மோர் குடுப்பாங்க, வேணாம்னு சொல்லாத. மீட்டர் உசரத்துல இருக்கு, எட்டாது, எனக்குப் போன் பண்ணு.

நாலைந்து வீடுகளுக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் சின்ன வட்டம் மட்டும் போட்டிருந்தார். இது என்ன அண்ணா என்று கேட்டேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, வேறெங்கோ பார்த்தபடி, "அந்த வூட்டு அக்காங்ககிட்டல்லாம் அண்ணி பேசி வெச்சிருக்கா. அவசரத்துக்குப் போலாம். அண்ணி அனுப்பிச்சாங்கன்னு சொன்னா போதும்" என்றார். ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வெளியில் சுற்றி வேலை செய்கிற பெண்களுக்கு இது புரியும். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மூன்று மணி வரை ஒதுங்க இடம் கிடையாது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடப்போம். நீர்க்கடுப்பு வந்து படுப்போம். இதை எந்த மேலதிகாரியிடமும் போய்ச் சொல்ல முடியாது. நான் அவரிடமும் சொல்லவில்லை. என் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் வரை குறையாமல் இருந்ததை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார். அண்ணியிடம் சொல்லி, அண்ணி நாலைந்து தெருவுக்கு நடந்து போய்ப் பேசியிருக்கிறார். அந்த வட்டம் போட்ட வீடுகளில் ஒன்றில் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் கதவைத் திறந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்கள்.

ஜாமீன் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆட்களில் பாதிப் பேரின் வாழ்க்கை பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில்தான் ஓடுகிறது. பொண்ணு கல்யாணம், வீட்டுக்கு மேல் தளம், ஆபரேஷன், பழைய கடனை அடைக்கப் புதுக் கடன். கடன் கேட்டு விண்ணப்பம் போட்டால் இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். இருவரும் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும், சர்வீஸ் பாக்கி இருக்க வேண்டும். கடன்காரர் தவணை கட்டாமல் விட்டால் ஜாமீன்தாரர் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஆக, கையெழுத்து என்பது சும்மா கையெழுத்து இல்லை.

அதனால்தான் யாராவது அந்த நீளப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேஜை மேஜையாக வர ஆரம்பித்தால் ஆபீசே காலியாகும். அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு மூன்று பதில்கள் மனப்பாடம். வூட்ல கேட்டுச் சொல்றேன். ஏற்கெனவே ரெண்டு பேருக்குப் போட்டிருக்கேன். எனக்கே லோன் போட வேண்டியிருக்கு. மூன்றும் பல சமயம் உண்மையாகவே இருக்கும், அதுவும் சொல்ல வேண்டும்.

அண்ணன் கையெழுத்துப் போடுவதைப் பார்க்க வேண்டும். லைனிலிருந்து வந்திருப்பார், கையெல்லாம் கிரீஸ். படிவத்தோடு ஒருவர் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் பேசாமல் குழாயடிக்குப் போவார். சோப்புத்தூளைப் போட்டு நகக்கண் வரை தேய்ப்பார். சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, "எங்க போடணும்?" என்பார். அவ்வளவுதான் கேள்வி. எவ்வளவு தொகை, எதுக்கு, எப்போது முடியும் என்று எதுவும் கிடையாது. தமிழில் முழுப்பேர், முன்னால் அப்பா இனிஷியல், கீழே ஒரு கோடு. உட்கார மாட்டார், கேட்க வந்தவரையும் உட்கார வைக்க மாட்டார். உட்கார்ந்தால் அவர்கள் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், அதை அவரால் தாங்க முடியாது.

என் தம்பி படிப்புக்கு நான் கடன் போட்டபோது எனக்கும் அவர்தான். வரிசையாகக் காரணங்களைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே, "அதெல்லாம் சங்கத்துல கேப்பாங்க, அங்க சொல்லிக்க" என்று சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கினார். தெருவில் நடந்து வரும்போது எனக்கு லேசாகக் கோபம்கூட வந்தது, இவ்வளவு யோசித்து வைத்திருந்ததை ஒருத்தர் காது கொடுத்துக் கேட்கவில்லையே என்று.

சங்கத்தில் ஒருவர் இத்தனை பேருக்குத்தான் ஜாமீன் நிற்கலாம் என்று வரம்பு உண்டு. அண்ணனுக்கு அது எப்போதும் நிரம்பியே இருக்கும். அப்புறம் மிச்சப் பேருக்குச் சீட்டுக் கம்பெனி. ஏலச்சீட்டு எடுத்தவர் மீதித் தவணைக்கு ஜாமீன் கொடுத்தால்தான் பணம் கைக்கு வரும். மாதச் சம்பளக்காரர், அதுவும் வாரியத்துக்காரர் என்றால் சீட்டுக் கம்பெனியில் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். அங்கேயும் போய்ப் போட்டார். எத்தனை பேருக்கு என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அண்ணிக்கும் தெரியாது.

ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டார். கூட வேலை பார்த்த ஒருவர் பெரிய தொகையாகக் கடன் வாங்கினார், அண்ணன் ஜாமீன். வாங்கியவர் வேறு மாவட்டத்துக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போனார். போன இடத்தில் சம்பளமில்லாத விடுப்பில் போனார். சம்பளமே இல்லாதபோது பிடித்தம் எப்படிப் போகும்? ஜாமீன்தாரர் இரண்டு பேர் சம்பளத்திலும் சரிபாதியாகப் பிடிக்க ஆரம்பித்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு வருஷம். அண்ணியின் தோடு அடகுக்குப் போயிற்று. மகளின் கல்லூரிக் கட்டணத்தைத் தவணையில் கட்டக் கெஞ்சி அனுமதி வாங்கினார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அண்ணி என் முன்னாலேயே கேட்டார்: "ஊருக்கெல்லாம் இவரு ஜாமீன். எனக்கு யாரும்மா ஜாமீன்?" அண்ணன் எழுந்து போய் மோட்டார் சுவிட்சைப் போட்டார். தொட்டியில் தண்ணீர் ஏற்கெனவே வழிந்துகொண்டிருந்தது.

இறந்தவரைப் பற்றி எழுதும்போது இதையெல்லாம் விட்டுவிடுவதுதான் வழக்கம். எனக்கு விட மனமில்லை. அண்ணன் தாராளமானவர், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தாராளத்துக்கு வீட்டில் கணக்குப் போட்டுச் சமாளித்தவர் அண்ணி. புளியும் எண்ணெயும் அளந்து ஊற்றியவர் அவர். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நாளாவது அவரைக் கேட்டிருக்கலாம் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. அண்ணனிடமே சொல்லியிருக்கிறேன். கேட்டால் வேணாம்னு சொல்லிடுவா என்று சிரித்தார்.

அந்தப் பிடித்தம் முடிந்த அடுத்த மாதமே இன்னொருவருக்குப் போட்டார். ஏன் அண்ணா இவ்வளவு பட்டும் என்று கேட்டேன். "வந்து நிக்கிறான்மா. அவன் நின்னுகினு இருக்கறத என்னால பாக்க முடியல. போட்டுட்டா போயிடுவான்." இதில் கர்ணன், கடையெழு வள்ளல் என்றெல்லாம் சொல்ல ஒன்றுமில்லை. ஒருத்தன் கூனிக்குறுகி நிற்பது அவர் கண்ணை உறுத்தியது, அதை நிறுத்த அவருக்குத் தெரிந்த வழி ஒரு கையெழுத்து.

இதே மனிதர் கட்டிங் பிளேயரை யாருக்கும் கொடுக்க மாட்டார். லட்ச ரூபாய்க்கு ஜாமீன் கேட்டால் கை கழுவிவிட்டு வருவார்; பிளேயரை ஐந்து நிமிஷம் கேட்டால் இல்லை. புதுப் பையன்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஒருநாள் காரணத்தைச் சொன்னார். கைப்பிடி மேல் இருக்கிற ரப்பர் உறையில் ஊசி அளவு வெட்டு விழுந்தால் போதும். வாங்கிப் போகிறவன் எதையாவது தட்டுவான், நெம்புவான், திருப்பிக் கொடுக்கும்போது சொல்ல மாட்டான். மறுநாள் அதை நம்பிக் கம்பத்தில் ஏறுகிறவன் நான். ஆயுத பூஜைக்கு எல்லாருடைய கருவிகளையும் ஏணியையும் கழுவி வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். அன்றைக்கும் அந்தப் பிளேயரை அவர்தான் எடுத்து வந்து வைப்பார், பொரி சுண்டல் முடிந்ததும் அவர்தான் எடுப்பார்.

வேலையில் அப்படி ஒரு பிடிவாதக்காரர். தானே புயல் சமயத்தில் அதை ஊரே பார்த்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை அடித்தது. விடிந்து பார்த்தால் கம்பம் நின்ற தெரு குறைவு. கான்கிரீட் கம்பங்கள் முழங்கால் உயரத்தில் ஒடிந்து உள்ளே இருக்கும் கம்பி தெரிந்தது. டிரான்ஸ்ஃபார்மர்கள் குப்புற விழுந்து கிடந்தன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைத் தமிழ்நாடே பேசியது. இரண்டு மூன்று தலைமுறை வைத்து வளர்த்த மரங்கள். அண்ணன் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பாதி இல்லை. அண்ணியும் பிள்ளைகளும் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், இவர் வேலைக்குப் போய்விட்டார்.

கரண்டு திரும்பக் கொடுப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் துணை மின்நிலையத்துக்கு வருகிற பெரிய லைன், அப்புறம் ஆஸ்பத்திரி, குடிநீர் ஏற்றும் இடங்கள், பிறகு 11,000 வோல்ட் லைன், டிரான்ஸ்ஃபார்மர், கடைசியில் தெரு. தெருவிலும் லைனின் கடைக்கோடியில் இருப்பவர்களுக்குக் கடைசியில்தான் வரும். அண்ணன் தெரு கடைக்கோடி. நாட்கள் போகப் போக அண்ணி தண்ணீர் பிடிக்கப் போகிற இடத்தில் வாயைத் திறக்க முடியவில்லை. வூட்டுக்காரரு ஈபியில இருக்காரு, எங்க தெருவுக்கு ஒரு கம்பம் கொண்டாந்து நட முடியலையா என்று குடத்தை இடித்துப் பேசினார்கள். செல்போன் சார்ஜ் போடக் காசு வாங்கிய காலம் அது. மெழுகுவர்த்தி கிடைக்கவில்லை. பொங்கலை இருட்டில் கொண்டாடிய ஊர்கள் உண்டு. அண்ணன் தெருவுக்கு அதன் முறை வந்தபோதுதான் கரண்டு வந்தது, ஒரு நாள்கூட முந்தவில்லை.

வெளி மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் தங்கினார்கள். எங்கள் பக்கம் வந்தவர்கள் காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவார்கள். சாப்பாட்டுக்கு ஏற்பாடு இருந்தது. ஆனால் ராத்திரி பத்து மணிக்குப் பசித்தால் கடை கிடையாது. அந்த ஆட்களில் ஏழெட்டுப் பேரை அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப் போவார். பாதிக் கூரை போன வீட்டில், அரிக்கேன் வெளிச்சத்தில் அண்ணி சமைத்துப் போட்டார். படகு போகாததால் மீன் இல்லை. கேப்பர் மலைப் பக்கத்துத் தோப்புகளில் வாழை மொத்தமாகச் சாய்ந்திருந்தது, அதனால் வாழைத்தண்டு மட்டும் கேட்பாரில்லாமல் கிடந்தது. வாழைத்தண்டுப் பொரியல், வாழைத்தண்டு மோர்க்கூட்டு, வாழைத்தண்டு சாம்பார். இனிமே ஜென்மத்துக்கும் எனக்கு சிறுநீரகக் கல்லே வராதுங்க என்று அந்த ஆட்களில் ஒருவர் சொன்னதை அண்ணி பல வருஷம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த நாட்களில் லைன்மேன்கள் அதிகம் பயந்தது ஜெனரேட்டருக்கு. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர் ஊரெல்லாம் சுற்றியது. மெயினை ஆஃப் செய்யாமல் சிலர் வீட்டு லைனில் நேராக மாட்டிவிடுவார்கள். வீட்டு 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் பின்பக்கமாக ஏறினால் மேலே கம்பியில் 11,000 வோல்ட் நிற்கும். ஊர் மொத்தமும் இருட்டாகத்தானே இருக்கிறது என்று நம்பித் தொட்டவன் தீர்ந்தான். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் அண்ணன் லைன் கிளியர், அதாவது லைனை நிறுத்தியாயிற்று என்கிற அனுமதி வாங்கி, லைனைத் துண்டிக்கிற ஏபி சுவிட்சைத் திறந்து, வேலை செய்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் கம்பியைத் தரையோடு இணைக்கிற எர்த் ராடு மாட்டாமல் யாரையும் ஏற விட மாட்டார். கீழே நின்று ஊரே கத்தும். வெளியூரிலிருந்து வந்த இளம் பையன் ஒருவன், செத்த லைனுக்கு எதுக்கு அண்ணா எர்த்து என்று கேட்டுக்கொண்டே ஏறப் போனான். அவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்துக் கீழே உட்கார வைத்தார். அவர் யாரிடமாவது கையை வைத்தது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

நோயைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பல வருஷத்துச் சர்க்கரை, பிறகு சிறுநீரகம். புதுச்சேரி ஜிப்மருக்குப் போய் வந்தார். கம்பம் ஏற முடியாமல் ஆனபோது ஆபீசில் போன் எடுக்கிற இடத்தில் உட்கார வைத்தார்கள். ஃபியூஸ் போனதென்று கத்துகிறவர்களிடம் தெருப்பேரைக் கேட்டதும், டீக்கடை எதிர்க் கம்பமா, அரசமரத்துக் கம்பமா என்று கேட்பார். கத்தியவர் அடங்கிவிடுவார்.

ஜிப்மரில் சேர்த்திருந்தபோது ஒருவர் சீட்டுக் கம்பெனிப் படிவத்தோடு வார்டுக்கே போயிருக்கிறார். இதைக் கேள்விப்பட்டு எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. அண்ணி அந்த ஆளை வராந்தாவிலேயே நிறுத்தியிருக்கிறார். கண்ணாடிக் கதவு வழியாக அண்ணன் பார்த்துவிட்டார். நிற்கிறானே! கையைக் காட்டிக் கூப்பிட்டு, ஊசி குத்தாத கையால் போட்டார்.

அவர் போனது மாசி மாதம். தெரு குறுகல், பூப்பல்லக்கு உயரம். வைகாசியில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் தேர் ஓடும்போது லைனை நிறுத்தி, குறுக்கே போகிற கம்பிகளை எங்கள் ஆட்கள் இறக்கி ஏற்றுவார்கள், தேருக்கு முன்னால் நடந்து போவார்கள். அண்ணன் பல வருஷம் அதற்குப் போனவர். அன்றைக்கு அவர் தெருவில் யாரும் சொல்லாமலே டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, ஆளுக்கொரு மூங்கில் கழியோடு நின்று சர்வீஸ் ஒயர்களைத் தூக்கிப் பிடித்தார்கள். பல்லக்கு ஒவ்வொரு ஒயராகத் தாண்டிப் போயிற்று. முன்னால் பறை, வெடி. கடைசி ஒயரைத் தூக்கிப் பிடித்திருந்த பையனின் கழி அண்ணன் பல்லக்கு தாண்டியும் இறங்கவில்லை, இன்னொருவர் போய் வாங்கினார்.

கடனை விட்டுவிட்டு வேறு மாவட்டத்துக்குப் போனாரே, அவரும் வந்திருந்தார். அங்கே இருந்தவர்களில் சத்தமாக அழுதது அவர்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து காபி கொண்டுவந்த பெண்ணிடம், "அவரு தூரத்துல இருந்து வந்துருக்காரு, அவருக்குக் குடு" என்றார். அதை மன்னிப்பு என்று நான் நினைக்கவில்லை. துக்க வீட்டுக்கு வந்தவர் என்கிற கணக்குதான்.

பதினாறாம் நாள் முடிந்ததும் கவர்கள் வர ஆரம்பித்தன. ஜாமீன்தாரர் காலமாகிவிட்டபடியால் இன்ன தேதிக்குள் மாற்று ஜாமீன் கொடுக்க வேண்டும் என்று கடன்காரருக்கு ஒரு கடிதம், வாரிசுகளுக்கு ஒரு நகல். சங்கத்தில் அண்ணனுடைய பங்குத் தொகையும் சிக்கனச் சேமிப்பும் இருந்தன. அவர் ஜாமீன் நின்ற கடன்களுக்கு மாற்று ஆள் வந்த பிறகுதான் அதைக் கொடுக்க முடியும் என்று சொன்னார்கள். எங்கள் சங்கத்தில் நடைமுறை அப்படி. அண்ணி கவர்களை ஒரு ரப்பர் பேண்டில் கட்டி எடுத்து வந்து என் மேஜையில் வைத்தார். "இதுல எத்தன பேரு எனக்குத் தெரியும்னு பாரு." பாதிப் பேரை அவருக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து எனக்குத் தரகர் வேலை. கல்யாணத் தரகர் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற மாதிரிதான். இவருக்கு சர்வீஸ் இன்னும் ஒன்றரை வருஷம்தான், ஒத்துவராது. அவருக்கு வரம்பு நிரம்பிவிட்டது. இவர்கள் இருவருக்கும் பொருந்தும், ஆனால் தொழிற்சங்கத் தகராறில் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அதுவரை அந்த இரண்டு பேருக்கும் அண்ணன்தான் ஜாமீன் என்பதால் அவர்கள் பேசிக்கொள்ள வேண்டிய அவசியமே வரவில்லை. கடைசியில் ஒருவர் என் மேஜைக்கு இந்தப் பக்கமும் இன்னொருவர் அந்தப் பக்கமும் நின்று, முகத்தைப் பார்க்காமல், படிவங்களை என் வழியாக மாற்றிக்கொண்டு போட்டார்கள். இன்னும் பேசவில்லை. டீ குடிக்க ஒரே கடைக்குப் போகிறார்கள் என்று கேள்வி.

எல்லாரும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டதால்தான் இது நடந்தது, வேறொன்றுமில்லை. எனக்கு நீ போடு, உனக்கு நான் போடுகிறேன். வருஷக்கணக்காக அந்த மூன்று மனப்பாடப் பதில்களைச் சொல்லிவிட்டு நாங்கள் ஜாலியாக இருக்க முடிந்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. யார் மறுத்தாலும் குழாயடியில் கை கழுவிக்கொண்டு வர ஒருவர் இருந்தார்.

கடைசியில் ஒரே ஒரு ஆள் பாக்கி. ஒரு ஹெல்பர். குடிப்பான். வேலைக்கு வந்தால் இரண்டு ஆள் வேலை செய்வான், வராவிட்டால் மூன்று நாளைக்குத் தகவல் இருக்காது. அவனுக்கு யாரும் போடவில்லை, நானும் யாரையும் வற்புறுத்தவில்லை. அண்ணன் எந்த நம்பிக்கையில் போட்டார் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நம்பிக்கையாவது ஒன்றாவது, இவன் போய் நின்றிருப்பான். அண்ணியின் பணம் இந்த ஒருவனால் சங்கத்தில் கிடந்தது. அவன் கெட்ட எண்ணம் உள்ளவனும் இல்லை. காலையில் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான்.

நான் அண்ணன் இல்லை. நூறு கேள்வி கேட்டேன். முதுநகர் மார்க்கெட்டில் மீன் விற்கிற அவன் சம்சாரத்தை வரச் சொல்லி, அந்தம்மாவை வைத்துக்கொண்டே மறுபடியும் கேட்டேன். ஏடிஎம் கார்டு அந்தம்மா கையில் இருக்க வேண்டும் என்றேன். அவன் டூட்டிக்குப் போகாத நாளில் காலை ஒன்பது மணிக்குள் எனக்குப் போன் வர வேண்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அப்புறம்தான் போட்டேன், அதுவும் உட்கார்ந்து, இரண்டு தடவை படித்துப் பார்த்து. இப்போது காலையில் ஏரியாவுக்குக் கிளம்புவதற்கு முன் வருகைப் பதிவேட்டில் அவன் கையெழுத்து விழுந்ததா என்று பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. இதுவரை தவணை ஒழுங்காகப் பிடித்தமாகிறது. குடியை அவன் விடவில்லை.

பணம் கைக்கு வந்த அன்று அண்ணி போன் செய்தார். மகள் வேலை, குடும்பப் பென்ஷன் கோப்பு எங்கே நிற்கிறது, கூரைக்கு ஓடு மாற்றலாமா என்று பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று, "அந்தக் குடிகாரப் பையனுக்கு நீதான் போட்டியாமே?" என்றார். யார் சொன்னார்களோ தெரியவில்லை. ஆமாம் அண்ணி என்றேன்.

"உங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லிடு. கவரு வந்து தெரிஞ்சிக்கிறது நல்லா இல்ல."

சொல்ல வேண்டும். பெரியவனுக்குப் பரீட்சை முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.